வெறுமையாகவா, சுமையுடனா?

19 பெப்ரவரி 2001, திங்கள்

நான் விளக்கால் யாருக்கும் சைகை காட்டவில்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன். கெலிஓயாச் சந்தியில் இப்படி ஒரு கதை நடக்கிறதாம்: மில்லுக்காரத் தமிழ்க் கிழவி மோட்டரைப் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி, ஒழுங்கை முழுவதும் வெளிச்சத்தை மங்க வைக்கிறாள், எதிர்மலையில் இருந்து இயக்கக்காரர் யாரோ அதைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். எதிர்மலைக்காரருக்கு என்னிடமிருந்து போகக்கூடிய ஒரே செய்தி, யாருடையவோ இரண்டு கிலோ மிளகாய் அரைபடத் தொடங்கிவிட்டது என்பதுதான்.

இன்று பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். மரியாதையான மனிதர். போன கிழமை அவருடைய மனைவியின் மல்லி இங்கேதான் அரைபட்டது. "கோபிக்க வேண்டாம் நோனா, முறைப்பாடு வந்தால் பார்க்கத்தானே வேண்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். மில்லை ஓட்டுகிற வீரய்யாவை மோட்டரைப் போடச் சொன்னார். வீரய்யா கைப்பிடியைத் தள்ளி இழுத்தான். மேலே தொங்கிய மின்குமிழ் சிவப்பு நூலாகச் சுருங்கித் திரும்பி வந்தது. இருபது குதிரைவலு மோட்டர், எழும்பும்போது ஒரு மிடறு மின்சாரம் கூடக் குடிக்கும், அவ்வளவுதான் என்று விளக்கினேன்.

"ஒவ்வொரு தரமும் இவ்வளவு பெரிய மிடறா?"

எனக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடம் இந்த மில்லோடு இருக்கிறேன். பதில் தெரியவில்லை.

20 பெப்ரவரி

சார்ஜன்ட்டின் கேள்வி சரியான கேள்வி. அதுதான் எரிச்சல்.

1 மார்ச், வியாழன்

மின்சாரக் கந்தோரில் இருந்து கடிதம். ஒழுங்கையில் பதினொரு பேர் கையெழுத்திட்டு முறையிட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து பக்கத்துவீட்டுச் சிரியாவதி, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரே மதில்தான் இடையில். ஜூன் முப்பதுக்குள் மோட்டர் கிளம்பும்போது இழுக்கிற மின்சாரத்தைக் குறைக்கும் கருவி ஒன்று பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பை வெட்டுவார்கள்.

வெட்டினால் வீரய்யாவின் அடுப்பும் என் அடுப்பும் ஒரே நாளில் அணையும். அதன்பிறகு கொழும்பில், வெள்ளவத்தையில் மகளின் மூன்றாம் மாடி. பின்னேரம் சத்தியபாமா தொலைபேசியில், "விட்டிட்டு வாங்கோவன் அம்மா, உங்களுக்கென்ன தலையெழுத்தா?" என்றாள். அவளுக்குக் கடிதத்தைப் பற்றி யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை.

8 மார்ச்

இந்தக் கருவிகளை விற்கும் கொழும்புக் கம்பெனி ஒன்றில் இருந்து விமலநாதன் என்ற பொறியியலாளர் வந்தார். கழுத்துப்பட்டி, பளபளக்கும் சப்பாத்து. மிளகாய்த் தூளில் நாலு தும்மல். அதன்பிறகு:

"அன்ரி, உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு."

நான் அவருக்கு அன்ரி இல்லை, மிஸிஸ் விவேகானந்தன் என்று சொன்னேன். திருத்திக்கொண்டார். குறை சொல்ல முடியாது.

ஒன்று சொஃப்ட் ஸ்டார்டர். மோட்டர் எழும்பும்போது மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கும். முழு வேகம் வந்ததும் அதன் வேலை முடிந்தது. மற்றது ட்ரைவ். அது எழுப்பிவிட்டுப் போகாது; மோட்டர் சுற்றுகிற நேரம் முழுக்கக் கூடவே இருந்து, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். விலை மூன்று மடங்கு.

"ட்ரைவ்தான் உங்களுக்கு நல்லது மிஸிஸ். நாற்பது வீதம் மிச்சம் வரும்."

"எதில் நாற்பது?"

"கரண்டில."

"என்னுடைய மில்லிலா?"

"பொதுவா."

"பொதுவா என்பது எந்த ஒழுங்கையில் இருக்கிறது, தம்பி?"

சிரித்தார். நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு படிவம் தந்துவிட்டுப் போனார். கொன்வென்ற்றில் சிஸ்டர் ஆக்னஸ் சொல்லுவார், கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுது, தெரியாததை அலங்கரிக்காதே என்று. அந்தத் தம்பிக்கு அப்படி ஒரு சிஸ்டர் வாய்க்கவில்லை.

14 மார்ச், புதன்

பேராதனைக்குப் போய் ராஜலிங்கத்தைக் கண்டேன். தொழினுட்பக் கல்லூரியில் மோட்டர் பாடம் எடுத்தவர். இவருடைய, அதாவது காலஞ்சென்ற என் கணவருடைய, பழைய சிநேகிதர். படிவத்தையும் இரண்டு விளம்பரத் தாள்களையும் மேசையில் பரப்பிவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. நான் சொல்லவில்லை.

"நாற்பது வீதமெண்டது காற்றாடிக்கும் தண்ணிப் பம்புக்கும் அக்கா. வேகத்தைக் குறைச்சா அதுகளில மிச்சம் வரும். உங்கட கல்லு ஒரே வேகத்தில ஓட வேணும். அதில என்னத்தைக் குறைக்கிறது? பிறகு அந்தப் பெட்டிக்குள்ள மிளகாய்த் தூள் போனா? சொஃப்ட் ஸ்டார்டர் காணும்."

"நிச்சயமா?"

"ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. மோட்டர் வெறுமையாத்தானே கிளம்புது? கல்லில சாமான் இல்லாமல்?"

"ஓம்" என்றேன், யோசிக்காமல். இவர் ஆயிரம் தரம் சொன்ன விஷயம் அது: முதலில் வெறுமையாகப் போடு, பத்து எண்ணிக் கைப்பிடியை இழு, பிறகு சாமானை விடு.

வீட்டுக்கு வந்து, வீரய்யா கப்பியைத் துடைத்துக்கொண்டு நிற்க, அவன் முன்னாலேயே படிவத்தை வாசித்து நிரப்பினேன். ஆறாம் கேள்வி: மோட்டர் கிளம்புவது வெறுமையாகவா, சுமையுடனா? 'வெறுமையாக' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தபாலில் சேர்த்தாயிற்று.

16 மார்ச்

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. விமலநாதன் தொலைபேசி எடுத்தார். சொஃப்ட் ஸ்டார்டர் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பதால் மோட்டரின் பலமும் குறையுமாம். பாதி அழுத்தம் என்றால் பாதிப் பலம் இல்லை, காற்பலம்தான். "கல்லு பாரமா இருந்தா அது தூக்காது மிஸிஸ். ட்ரைவ் எண்டா முழுப் பலத்தோட, கொஞ்சக் கரண்டில தூக்கும்." ராஜலிங்கத்திடம் கேட்டால், "அவர் சொல்லுறது சரி. நான் சொன்னதும் சரி" என்கிறார்.

இரண்டும் எப்படிச் சரியாகும்? ஒன்று படியேறும்போது மட்டும் கை கொடுப்பது. மற்றது நாள் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டே திரிவது. எனக்கு இரண்டாவது வகை மனிதர்களைப் பிடிக்காது. ஆனால் மோட்டர் நான் இல்லையே.

27 மார்ச்

வீரய்யாவைக் கேட்டேன். "உமக்கு எது நல்லதெண்டு படுகுது?"

"அம்மா எது சொன்னாலும் சரிங்க."

"நான் கேட்டது உம்முடைய அபிப்பிராயம்."

"கைப்பிடி ஒண்ணு இருந்தா போதுங்கம்மா. பொத்தான் அமுக்கி எனக்குப் பழக்கம் இல்ல."

பிறகும் ஏதோ சொல்ல வந்தவன் போல் நின்றான். ஏற்கெனவே துடைத்த கப்பியை மறுபடியும் துடைத்தான். போய்விட்டான்.

9 ஏப்ரல், திங்கள்

புதுவருட நெருக்கம். முழங்கால் நோவு தொடங்கிய பிறகு மில்லுக்குள் முழுநாள் இருந்ததில்லை. இன்று கதிரையைப் போட்டு இருந்தேன்.

பார்த்தேன். ஆட்கள் வருகிறார்கள். வீரய்யா மூட்டையை அவிழ்த்துத் தகரப் புனலுக்குள் கொட்டுகிறான். சாமான் நேரே கல்லுக்குள் விழுகிறது. அதன்பிறகுதான் கைப்பிடியைப் பிடிக்கிறான். மேலே தள்ளுகிறான், அது மெல்லிய நிலை, குறைந்த மின்சாரம். ஒன்று, இரண்டு, உடனே கீழே இழுத்து முழு மின்சாரம். குமிழ் சிவக்கிறது. மதிலுக்கு அப்பால் சிரியாவதி வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தம் ஒருகணம் அறுந்து போகிறது.

"ஏன் வீரய்யா, பத்து எண்ணேல்லை?"

"பத்து எண்ணினா ஏறாதும்மா, உறுமிக்கிட்டே நின்னுரும். கல்லுக்குள்ள சாமான் கெடக்குல்ல. வெரசா இழுத்தாத்தான் சுத்தும்."

"அப்ப ஏன் முதலே கொட்டுறீர்?"

என் கதிரைப் பக்கம் குனிந்தான். மூன்று பேர் வரிசையில் காத்திருந்தார்கள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"நீங்கதாங்கம்மா சொன்னீங்க. எண்பத்திமூணு கலவரம் முடிஞ்சு தொறந்தப்ப."

10 ஏப்ரல்

உண்மை.

எண்பத்துமூன்று ஜூலையில் கதவை உடைத்தார்கள், வார்ப்பட்டிகளை அறுத்தார்கள். கல் பாரம் என்பதால் விட்டுவிட்டுப் போனார்கள். செப்டெம்பரில் திறந்தோம். திறந்த முதல் கிழமையே ஒரு கதை: தமிழனின் மில்லில் புனலுக்குக் கீழே ஓர் இழுப்புத் தகடு இருக்கிறது, அதன் பின்னால் ஏதோ தூள் வைத்திருக்கிறார்கள், மாவில் கலக்கிறார்கள். யார் தொடங்கியது என்று எனக்குத் தெரியவே வராது. இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை.

மூன்றாம் நாள் வந்த நாலு பேருக்கு முன்னால் வீரய்யாவைக் கொண்டு அந்தத் தகட்டை உருவி எறியச் செய்தேன். இனி வாடிக்கையாளர் முன்னிலையில் கொட்ட வேண்டும், அவர்கள் குனிந்தால் கல் வரை தெரிய வேண்டும், பிறகுதான் மோட்டர் என்று கட்டளை. இவர், "தகடு இல்லாட்டி மோட்டருக்குக் கஷ்டம், மங்களம்" என்றார். நான் சொன்னேன்: "மோட்டர் பொறுக்கும். ஆக்கள் பொறுக்கமாட்டினம்."

இவர் எண்பத்தாறில் போய்விட்டார். அவருடைய 'வெறுமையாக' என்ற சொல் எனக்கு நினைவிருந்தது. என்னுடைய கட்டளை எங்கே போனது? மறக்கவில்லை. தகடு இல்லை என்பது ஒவ்வொரு நாளும் தெரியும், பெருமையாகக்கூட இருந்தது: எங்கள் மில்லில் ஒளிப்பதற்கு இடமில்லை. மோட்டர் எழும்பும்வரை சாமானைக் கல்லில் விழாமல் மறித்த அந்தத் தகடு மோட்டருக்காகவும் இருந்தது என்பதுதான்... இதை எப்படி நான் ஒருநாளும் பொருத்திப் பார்க்காமல் இருந்தேன்? விளக்கு மங்கியதெல்லாம் என்னாலா? ஆனால் அன்றைக்கு நான் செய்தது பிழையா? பிழை இல்லையே. அப்படியென்றால்?

பின்னேரம் வீரய்யாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், நான் படிவம் நிரப்பும்போது பக்கத்தில்தானே நின்றீர், ஏன் வாய் திறக்கவில்லை.

"நீங்க எழுதுறப்ப நான் குறுக்க பேசறதாம்மா?"

"பேச வேணும்."

"சரிங்கம்மா." வாசல்வரை போய்த் திரும்பி, "இதையும் அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்" என்றான்.

11 ஏப்ரல்

ஆறாம் கேள்விக்கு நான் எழுதியது பொய். தெரியாமல் எழுதினாலும் கையொப்பம் என்னுடையது.

20 ஏப்ரல்

ராஜலிங்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப கதை வேற அக்கா. சுமையோடயெண்டா சொஃப்ட் ஸ்டார்டர் திணறும். ஒண்டில் ட்ரைவைப் போடுங்கோ, தூள் போகாத பெட்டி, தனிக் காற்றாடி எல்லாம் வைச்சு. பழுதானா கொழும்புக்குத்தான் கொண்டு போக வேணும், அதையும் யோசியுங்கோ. இல்லாட்டிப் புனலுக்குத் தகட்டைத் திருப்பிப் போடுங்கோ. இவ்வளவுதான் விஷயம்."

இவ்வளவுதான் என்கிறார். விலை என்னை நிறுத்தாது. இரண்டு சோடிக் காப்பு அலுமாரிக்குள் சும்மா கிடக்கிறது. ட்ரைவ் வாங்கினால் தகடு வேண்டாம், யாரிடமும் ஒன்றும் கேட்கவும் வேண்டாம். தகட்டைப் போட்டால் சின்னக் கருவி போதும். ஆனால் ஒழுங்கையில் பாதிப் பேர் ஏற்கெனவே விளக்குச் சைகை என்று பேசுகிற நேரத்தில், தமிழச்சியின் மில்லில் மறுபடியும் ஒரு மூடி.

ஒருநாள் ட்ரைவ். மறுநாள் தகடு. இன்று இரண்டும் இல்லை, வெள்ளவத்தை.

3 மே, வியாழன்

மாவனெல்லையில் கலவரம். முஸ்லிம் கடைகள் எரிகின்றனவாம். கெலிஓயாவில் ஹாஜியார் கடை தொடக்கம் எல்லாம் பூட்டு. ருக்கியா பின்வாசலால் வந்தாள். முப்பது வருடமாக என்னிடம் அரைத்து, கறித்தூள் பொதி கட்டி விற்கிறவள். அரை மூட்டை மல்லியை வைத்துவிட்டு, "அரைக்க வாணாம் மிஸ்ஸிஸ், இங்க இருக்கட்டும். ஊட்டுல வைக்கப் பயமா ஈக்கிது" என்றாள்.

மல்லியைக் கூடவா எரிப்பார்கள்? எண்பத்துமூன்றில் மாவைக்கூடத் தெருவில் கொட்டியவர்கள்.

12 மே

நிலைமை அடங்கிவிட்டது. ருக்கியா மல்லியை எடுக்க வந்தாள். கேட்டுவிட்டேன்: புனலுக்குத் தகடு போட்டால் வாடிக்கையாளர் நம்புவார்களா?

"எந்தத் தகடு?"

சொன்னேன். கல் வரை பார்க்கலாம் என்பதற்காகவே இத்தனை வருடமும் திறந்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"அல்லாஹ்வே! யாரு மிஸ்ஸிஸ் பாக்கிய? நான் மூட்டைய வீரய்யாட்டக் குடுத்துட்டு மீன் வாங்கப் போற. வந்து தூள எடுத்துட்டுப் போற. ஒரு நாளாச்சும் குனிஞ்சு பாத்தீக்கேனா?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாங்க நெனச்ச, அது ஒடஞ்சி பெய்த்திருக்கும், மிஸ்ஸிஸ் புதுசு போட மாட்டாங்கன்னு."

அதாவது பதினெட்டு வருடமாக என்னைக் கஞ்சப்பிசினாறி என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆறுதலாக இருக்க வேண்டும். கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

13 மே

ருக்கியா ஒரு ஆள். அதுவும் பத்து நாளுக்கு முன் தானே பயந்து ஒளிந்த ஆள். முறைப்பாட்டில் முதல் கையெழுத்து அவளுடையது இல்லை.

22 மே, செவ்வாய்

சிரியாவதி வீட்டுக்குப் போனேன். மதிலுக்கு மேலால் பேசியிருக்கிறோம், மாங்காய் பரிமாறியிருக்கிறோம். வாசலால் போனது இத்தனை வருடத்தில் இன்றுதான். சேலையைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தாள். தேத்தண்ணீர் வைத்தாள். பேச்சு சிங்களத்தில்தான்.

முறைப்பாட்டைப் பற்றி நான் தொடங்கவே இல்லை, அவளே தொடங்கினாள். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர் இரண்டு தரம் எரிந்துவிட்டதாம். "சைகை, கிய்கை என்று நான் எழுதவில்லை. அதை வேறு யாரோ சேர்த்தார்கள். நான் எழுதியது பெட்டியைப் பற்றி மட்டும்." நம்புகிறேன், அவள் பெட்டியைப் பற்றி எழுதக்கூடிய ஆள்தான்.

பிறகு தகட்டுக் கதையைச் சொல்லி, இப்படி ஒரு பேச்சு இருந்தது உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லுவாள், நானும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"இருந்தது" என்றாள். கோப்பையைப் பார்த்தபடி, "நானும் இரண்டு பேருக்குச் சொன்னேன். அந்த நாட்களில் எதைச் சொன்னாலும் நம்பினோம். நம்பாததையும் சொன்னோம்."

எழும்பி வந்துவிடலாமா என்று யோசித்தேன். தேத்தண்ணீர் பாதிதான் குடித்திருந்தேன். மிச்சத்தையும் குடித்தேன். ஏன் குடித்தேன்?

வாசலில் வைத்து அவள் சொன்னது: "தகட்டைப் போடுங்கள். போட்ட அன்றைக்கு என் வீட்டில் வந்து இருந்து விளக்கைப் பாருங்கள். நாங்கள் பார்க்கிறதை நீங்கள் பார்த்ததில்லையே."

25 மே

எனக்கு இரண்டு பதில்கள் வந்துவிட்டன. ஒருத்தி, யாருமே பார்ப்பதில்லை என்கிறாள். மற்றவள், ஓம், சொன்னோம் என்கிறாள். இரண்டும் உண்மை என்றால் தகட்டைப் போடுவதா, விடுவதா? ட்ரைவ் வாங்கினால் இந்தக் கேள்வியே இல்லாமல் போய்விடும். அதற்காக மூன்று மடங்கு கொடுப்பதென்றால் நான் வாங்குவது ட்ரைவா, கேள்வியில் இருந்து தப்புவதையா?

2 ஜூன்

வீரய்யாவிடம் முழுவதையும் சொல்லிக் கேட்டேன். இந்த முறை உடனே பேசினான். எவ்வளவு நாள் வைத்திருந்தானோ.

"தகடு போடலாம்மா. ஆனா பழைய மாதிரி உள்ளுக்கயே கெடக்கக் கூடாது. ஒவ்வொரு ஆளு சாமானும் அரைச்சு முடிஞ்சதும் முழுசா உருவி, எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஆணியில மாட்டிரணும். அடுத்த ஆளு வந்தா அவங்க முன்னாடியே சொருகணும். பாக்கிறவங்க பாக்கட்டும், மீன் வாங்கப் போறவங்க போகட்டும்."

இது ராஜலிங்கத்துக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

4 ஜூன், திங்கள்

கம்பளை வீதித் தகரவேலைக்காரரிடம் புதுத் தகடு வெட்டிப் பூட்டியாயிற்று. பதினொரு மணிக்கு நான் சிரியாவதியின் மண்டபத்தில், குமிழுக்கு நேர் கீழே கதிரையில். அவள் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். நேரம் போகவில்லை. குமிழைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசியது. ஒரு தரம் கண்ணிமைக்கிற அளவு மங்கின மாதிரி இருந்தது. என் கண்தானா?

"எப்போது போடப் போகிறான்?" என்று சிரியாவதி கேட்டாள்.

மதிலுக்கு அப்பால் இருந்து சத்தம்: "பத்து எண்ணிட்டேம்மா! ஓடுது!"

கேட்டேன். உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் கைப்பிடி பூட்டிய பழைய ஸ்டார்டர் பெட்டியை நம்பி இருக்க முடியாது. பதினெட்டு வருடம் இரண்டு எண்ணி இழுத்ததில் உள்ளே செப்புத் துண்டுகள் கரிந்து தேய்ந்திருக்கின்றன; வீரய்யா திறந்து காட்டினான். கந்தோரும் கருவி பூட்டாமல் விடாது.

11 ஜூன், திங்கள்

இன்று பதிவுத்தபாலில் அனுப்பிய கடிதத்தின் பிரதி. ஒரு பிரதி மின்சாரக் கந்தோருக்கு.

திரு. விமலநாதன் அவர்களுக்கு,

மார்ச் 14ஆம் திகதி நான் ஒப்பமிட்டு அனுப்பிய படிவத்தில் ஆறாம் கேள்விக்கு 'வெறுமையாக' என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு அது பிழை. மோட்டர் 1983 செப்டெம்பர் தொடக்கம் சுமையுடனேயே கிளம்பி வந்தது, என்னுடைய கட்டளைப்படி. மில்லை இயக்கும் திரு. வீரய்யாவுக்கு இது தெரியும். நான் அவரிடம் கேட்கவில்லை. ஆகவே பிழை என்னுடையது.

இம்மாதம் 4ஆம் திகதியில் இருந்து புனலில் தகடு பூட்டப்பட்டு, மோட்டர் வெறுமையாகக் கிளம்புகிறது. அரைத்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுபோனால் கல்லுக்குள் சாமான் மிஞ்சும். அப்போது கல்லைத் திறந்து கையால் வெறுமையாக்கிய பிறகே மறுபடி போடுவதாகத் திரு. வீரய்யா ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த முறை அவரிடம் கேட்டேன்.

இந்நிலையில் எங்களுக்கு ட்ரைவ் வேண்டாம், சொஃப்ட் ஸ்டார்டர் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். இது சரியா, இல்லையா? பொதுவாக அல்ல, கெலிஓயாவில் உள்ள இந்த இருபது குதிரைவலு மோட்டருக்கு. ஒரு மணித்தியாலத்தில் எட்டுத் தரம் வரை போட்டு நிறுத்துவோம். உங்கள் கருவி அதைத் தாங்குமா? அதைப் பொத்தானுக்குப் பதிலாகக் கைப்பிடியால் இயக்க முடியுமா என்று திரு. வீரய்யா கேட்கிறார். அவருக்கும் பதில் வேண்டும்.

கந்தோர் தந்த தவணை ஜூன் 30. தயவுசெய்து தொலைபேசியில் சொல்ல வேண்டாம். உங்கள் பெயரும் கையொப்பமும் இட்டு, எழுத்தில் பதில் அனுப்பவும்.